அலாய் வீல், டயர் மாற்றும் முன்: கடை வாசலில் தினமும் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். எங்கிருந்தோ வாங்கிய அலாயை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து, "இத மாட்டித் தாங்க" என்று இறங்குகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. அவர்களிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்தால் என் தொண்டைக்கும் ஓய்வாக இருக்கும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். முன்னால் இருப்பவை எளியவை, போகப்போகச் சிக்கல் கூடும். கார்களுக்கு மட்டும்தான் இது. லாரி, டிராக்டர் வேறு கதை.

"அண்ணாச்சி, டயர்ல 185/65 ஆர்15 88எச்-னு போட்டிருக்கே, இதுல எது சைஸு?"

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். 185-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 120 மி.மீ. வரும். ஆர் என்றால் ரேடியல், டயருக்குள்ளே இழைகள் ஓடும் விதத்தின் பெயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் கலந்து எழுதலாம் என்று முடிவு செய்த புண்ணியவான் யாரோ, என் வேலையில் பாதி அவரால்தான்.

88 என்பது சுமைக் குறியீடு. அட்டவணையில் அந்த எண்ணுக்கு ஒரு டயருக்கு 560 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240. நாம் யாரும் 210-ல் போகப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் அந்த எழுத்து டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மே மாத மத்தியானத்தில் கங்கைகொண்டானிலிருந்து நாங்குநேரி வரை நான்குவழிச்சாலையில் மிதித்துக்கொண்டு போகிறவர்கள், கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம், பின்னால் அடிக்கடி தேவைப்படும். 15 அங்குல ரிம் 381 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர், இரண்டும் சேர்ந்து 240.5. மொத்தச் சக்கர உயரம் 621.5 மி.மீ.

"என் வண்டிக்கு எந்த சைஸுனு எங்க பாக்கது?"

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் சைஸும் காற்றழுத்தமும் போட்டிருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். செகண்ட்ஸில் வாங்கிய வண்டியென்றால் முந்தைய சொந்தக்காரர் எதை மாட்டி வைத்தாரோ, யாருக்குத் தெரியும்?

ஒரே மாடலில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் சைஸ் மாறும் என்பதையும் கவனியுங்கள். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. முன்னதன் உயரம் 619.6 மி.மீ., பின்னது 621.5. ரிம் ஒரு அங்குலம் வளர்ந்தும் மொத்த உயரத்தில் வித்தியாசம் 2 மி.மீ.தான். பலேனோவில் 185/65 ஆர்15-க்கு மேல் வேரியன்ட்டில் 195/55 ஆர்16 வரும், உயரம் 620.9. ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும், மொத்தம் அப்படியே நிற்க வேண்டும். வீல் மாற்றுவதில் முதல் பாடம் இதுதான்.

"நாலு போல்ட் இருக்கு, ரிம்ல நாலு ஓட்டை இருக்கு. மாட்டிர வேண்டியதுதானே?"

அந்த நாலு ஓட்டைகளின் மையங்களையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டத்துக்குப் பெயர் பிசிடி. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, ஹோண்டா சிட்டி போன்றவற்றுக்கு 4x100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். ஃபோர்டு ஃபிகோவுக்கு 4x108. போலோவுக்கு 5x100. பிரெஸ்ஸா, கிரெட்டா, இன்னோவா மூன்றுக்கும் 5x114.3. நாலு ஓட்டையென்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை கிடையாது. பக்கத்து ஓட்டைக்கு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 67 மி.மீ. கிட்ட வந்தால் 114.3, 59 கிட்ட வந்தால் 100.

பெரிய வித்தியாசம் இருந்தால் வீல் ஏறவே ஏறாது, அதனால் அதில் ஆபத்தும் இல்லை. பயப்பட வேண்டியது சின்ன வித்தியாசத்துக்குத்தான். ஃபியட் வண்டிகள் சிலவற்றுக்கு 4x98. அந்த ரிம்மை 4x100 வண்டியில் வைத்தால், இழுத்துப் பிடித்து மாட்டிவிடலாம்போலத் தெரியும். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் நட்டின் கூம்பு முழுதாக உட்காராது. முறுக்கு ஏறிய மாதிரி கைக்குத் தெரியும், ஆனால் ஓட ஓடத் தளரும். ஒரு முறை கே.டி.சி. நகர்க்காரர் ஒருவர் வேறெங்கோ இப்படி மாட்டிக்கொண்டு வந்து, "ஸ்டியரிங் ஆடுது, அலைன்மென்ட் பாருங்க" என்றார். ஸ்பேனர் வைத்தபோது மூன்று நட்டு கையாலேயே சுற்றியது.

சில ரிம்களில் எட்டு ஓட்டை இருக்கும், 100-க்கும் 108-க்கும் சேர்த்துத் துளைத்தவை. அது தப்பில்லை. ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கிய ரிம் என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"நடு ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தா என்ன? நட்டுதானே பிடிக்குது?"

வண்டியில் வீலை மாட்டும் பகுதிக்கு ஹப் என்று பெயர், அதன் நடுவே ஒரு மேடு இருக்கும். ஸ்விஃப்ட், பலேனோவுக்கு அது 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1. கம்பெனி ரிம் அந்த மேட்டில் கச்சிதமாக உட்கார்ந்து தானாகவே மையத்துக்கு வந்துவிடும். வெளியில் விற்கும் ரிம்களைப் பல வண்டிக்கும் பொதுவாகச் செய்வதால் நடு ஓட்டை 73.1 மாதிரிப் பெரிதாக விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. விலை சொற்பம்.

வளையம் இல்லாமலும் மாட்டலாம், கூம்பு நட்டு ஓரளவு மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் மாட்டுகிறவர் வீலைத் தூக்கிப் பிடித்து, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஏர் கன்னை வைத்து ஒரே அடியில் முதல் நட்டை இறுக்கிவிட்டால் வீல் அந்தப் பக்கமாகவே ஒதுங்கி நிற்கும். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது, ஏனென்றால் மெஷினில் வீல் சரியாகத்தான் சுற்றும். மாறாக, நடு ஓட்டை ஹப்பின் மேட்டைவிடச் சின்னதாக இருந்தால் வீல் தட்டையாக உட்காரவே உட்காராது. அதைக் கடைசல் கொடுத்துப் பெரிதாக்கலாம், தெரிந்த லேத்காரராக இருந்தால் மட்டும்.

"ரிம் உள்பக்கம் ஈடி45-னு குத்தியிருக்கு. அது என்ன மாடலா?"

மாடல் இல்லை, ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதுதான் அது. எண் கூடினால் சக்கரம் வண்டிக்குள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். பிசிடி தப்பென்றால் கடையிலேயே தெரிந்துவிடும், ஆஃப்செட் தப்பென்றால் மூன்று மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும்போதுதான் தெரியும்.

ஒரு கணக்கு. இப்போது இருப்பது 6ஜே, அதாவது 6 அங்குல அகலம், ஈடி45. நீங்கள் பார்த்துவைத்திருப்பது 7ஜே, ஈடி35. ரிம் ஒரு அங்குலம் அகலம் கூடுவதால் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 10 குறைவதால் மொத்தமும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். மட்கார்டு விளிம்புக்கு ஏற்கெனவே எவ்வளவு இடம் இருக்கிறது, ஷாக் அப்சார்பருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு இந்த எண்களைப் பக்கத்தில் வையுங்கள். சாதாரண வண்டிக்குக் கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 5 மி.மீ. இப்படி அப்படி என்றால் நான் மாட்டித் தருவேன். 10-ஐத் தாண்டினால் அளக்காமல் தொடமாட்டேன்.

"சக்கரம் வெளிய தள்ளி நின்னாதான் கெத்து. ஸ்பேசர் வச்சா என்ன?"

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் துண்டு. ஆஃப்செட்டை 20 குறைப்பதும் 20 மி.மீ. ஸ்பேசர் வைப்பதும் ஹப் பேரிங்குக்கு ஒன்றுதான். குழம்புச் சட்டியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தோளுக்குத் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. மேலும் தகடு மாதிரியான ஸ்பேசர் வைத்தால் போல்ட் நீளம் அதற்குள் போய்விடும், நட்டுக்கு மறை பத்தாது. 12 மி.மீ. போல்ட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். சுற்றில் சொன்னால், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மறைக்கு எட்டுச் சுற்று, 1.25 மறைக்கு ஒன்பதரைச் சுற்று. எண்ணிப் பாருங்கள். கெத்துக்காக வருகிறவர்களுக்கு நான் ஸ்பேசர் வைப்பதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

"இரும்பு ரிம்ல இருந்த நட்டையே அலாய்க்கும் போட்டுக்கிடலாமா?"

நட்டு ரிம்மைத் தொடும் இடம் மூன்று வகையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி ரிம்முக்கு உருண்டை. டொயோட்டாவின் கம்பெனி அலாய் பலவற்றுக்கு வாஷரோடு கூடிய தட்டை. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் வைத்து இறுக்கினால் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும், அலுமினியம் நசுங்கும், பிறகு தளரும்.

மறையும் மாறும். சுஸுகிக்கு 12x1.25, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கு 12x1.5. ஒன்றை இன்னொன்றில் ஏர் கன்னால் ஏற்றிவிடலாம், ஆனால் ஏறும்போதே போல்ட்டைத் தின்றுவிடும். அதனால் முதல் நாலைந்து சுற்று கையால்தான். ரிம் வாங்கும்போதே அதற்குரிய நட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பல ஆயிரம் ரூபாய் ரிம்முக்கு வாங்கியவர் நட்டில் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

"15-ல இருந்து 17-க்கு போகணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கான். போடலாமா?"

கணக்கில் இடம் இருக்கிறது. 185/65 ஆர்15-க்குப் பதிலாக 205/45 ஆர்17 போட்டால் உயரம் 616.3 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பொதுவாக 3 சதவீதத்துக்குள் என்பார்கள், நான் 2-க்குள் என்பேன். ரிம் அகலமும் ஒத்துவர வேண்டும். 185/65-க்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் ஆகும். அதை 7 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டினால் டயர் சாய்ந்து நிற்கும், பள்ளத்தில் காற்று கழன்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

கணக்கில் இல்லாதது ரோடு. பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 92-க்கு வந்துவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் மிச்ச அடி ரிம்முக்கும், சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கும் போகும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டிய மழைக்குப் பிறகு, தாமிரபரணிக் கரையோர ரோடுகளின் ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் கடைக்கு வந்த கோணல் ரிம்களில் அதிகமும் மெல்லிய டயர் போட்டவைதான். சாதாரண நாளிலேயே வெள்ளை பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. ஆகவே ஒரு அங்குலம் ஏறுங்கள், அதுவும் உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸாக இருந்தால் உத்தமம். பையனிடம் 16 என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

"லோடு நம்பர் ரெண்டு மூணு குறைஞ்சா என்ன? நாங்க மூணு பேருதான்."

மேலே சொன்ன 205/45 ஆர்17-இல் சாதாரண டயரின் எண் 84, அதாவது 500 கிலோ. உங்கள் பழைய டயர் 88, 560 கிலோ. அகலமான, பெரிய டயர் என்று வாங்கினீர்கள், சுமக்கும் திறன் ஒவ்வொரு சக்கரத்திலும் 60 கிலோ குறைந்துவிட்டது. மூன்று பேர் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை. கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போகும்போது பின்சீட்டில் நாலு பேரும் டிக்கியில் சீர் பாத்திரமும் ஏறும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே சைஸில் எக்ஸ்எல் என்று குறித்த, கூடுதல் சுமை தாங்கும் டயர் கிடைக்கும், அதற்கு 88. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவது 42 பிஎஸ்ஐ காற்றில். சாதாரண டயர் 36-லேயே தாங்கிவிடும். அதனால் எக்ஸ்எல் போட்டுவிட்டுப் பழைய அழுத்தத்தையே வைத்தால் எண் 88 ஆனாலும் திறன் அதைவிடக் குறைவு. 3, 4 பிஎஸ்ஐ கூட்ட வேண்டியிருக்கும்.

"ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுமா?"

உயரம் எத்தனை சதவீதம் மாறுகிறதோ அத்தனை. சக்கரம் 3 சதவீதம் பெரிதானால் முள் 100-இல் நிற்கும்போது நீங்கள் 103-இல் போகிறீர்கள். வண்டிகளின் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைத்திருப்பதால் சின்ன வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். நாலு சக்கரமும் ஒரே சைஸ் என்றால், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் குழம்பாது. முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று கலந்தால் குழம்பலாம்.

"அகல டயர் போட்டா மழையில நல்லா பிடிக்கும்லா?"

காய்ந்த ரோட்டில் பிடிக்கும். தண்ணீர் நிற்கும் ரோட்டில் தலைகீழ். டயர் தனக்கு முன்னால் கிடக்கும் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டேதான் ரோட்டைத் தொட முடியும். அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக்குக்கு வேலை இல்லை. குறுக்குத்துறை ஆற்றில் சின்ன வயதில் சில்லு எறிந்திருப்பீர்கள், தட்டையான கல்தான் தத்தித் தத்திப் போகும்.

அகலத்தைவிட முக்கியம் பட்டனின், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பரில் உள்ள வெட்டுகளின் ஆழம். காருக்குச் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தாக வேண்டும். பள்ளத்துக்குள்ளே குறுக்கே தெரியும் சின்ன மேடுதான் அதற்கு அடையாளம், ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னால் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்வேன்.

"இப்போதைக்கு ரெண்டு டயர்தான் மாத்த முடியும். முன்னால போடவா, பின்னால போடவா?"

பின்னால். "இழுக்கது முன் சக்கரம்தானே?" என்று எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும், காலை எடுத்தால் திரும்பக் கைக்கு வரும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைப் பிடிக்கும் கை நம்மில் யாருக்கும் கிடையாது. ஒரே அச்சில் இரண்டும் ஒரே சைஸ், ஒரே மாடலாக இருக்கட்டும்.

"மைலேஜ் அடிபடுமா?"

அடிபடும். கனமும் அகலமும் கூடினால் கொஞ்சம் குடிக்கும். அலாய் என்றாலே இரும்பைவிட எடை குறைவு என்று நினைக்காதீர்கள், மலிவான 16 அங்குல அலாய் 14 அங்குல இரும்பு ரிம்மைவிடக் கனமாகவே இருக்கும். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"செகண்ட்ஸ் அலாய் பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?"

வாங்கலாம், டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு. கீறலெல்லாம் அழகுக்குத்தான் கேடு, விட்டுவிடுங்கள். உள்பக்க விளிம்பைப் பாருங்கள். பள்ளத்து அடி அங்கேதான் விழும். ஆர்க்கால்களின் வேரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மை ஏற்றிச் சுற்றினால் கோணல் கண்ணுக்கே தெரியும். லேசான கோணலைத் தட்டி எடுக்கலாம். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள்.

பின்பக்கத்தில் சைஸ், ஆஃப்செட், தாங்கும் எடை மூன்றும் வார்த்திருக்க வேண்டும். ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் அலாய் வீல் தரக் குறி. அது இருந்தால் நல்லது, ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். எதுவுமே எழுதாத மொட்டை ரிம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தாங்கும் எடை, வண்டியின் கனமான அச்சுச் சுமையில் பாதிக்குக் குறையக் கூடாது.

டயரும் சேர்த்துத் தருகிறார் என்றால் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஐந்தாறு வருடம் ஆனது, பட்டன் புதுசுபோல இருந்தாலும் நம் வெயிலில் ரப்பர் இறுகியிருக்கும்.

"கடையில மாட்டும்போது உரசல. மறுநாள் உரசுது. எப்படி?"

இதை நானே அனுபவித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் பழைய காருக்கு ஒரு சைஸ் பெரிய டயரும் ஆஃப்செட் குறைந்த ரிம்மும் மாட்டினேன். கடை வாசலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேராக மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறினோம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே பின்னால் "சர்ர்" என்று சத்தம். எங்க அத்தை, "யாரோ துணி கிழிக்காப்ல இருக்கு" என்றார். இறங்கிப் பார்த்தால் மட்கார்டு விளிம்பு டயரின் தோளைச் சீவியிருந்தது. நாலு பேரை இறக்கி நடக்கவிட்டு, வண்டியைப் பைய உருட்டிக்கொண்டு கீழே வந்தேன். அந்தப் பேச்சு இன்னும் வீட்டில் ஓயவில்லை.

வெறும் வண்டியில் சஸ்பென்ஷன் மேலே தூக்கி நிற்கும். ஆள் ஏறி, பள்ளத்தில் இறங்கி, அதே நேரத்தில் திரும்பவும் செய்தால்தான் சக்கரம் மட்கார்டுக்குள்ளே முழுசாகப் போகும். அதனால் ஒரு வீலை மட்டும் முதலில் மாட்டச் சொல்லுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, வேகத்தடையில் முன்னாலும் பின்னாலும் ஒரு முறை ஏறி இறங்குங்கள். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பிறகு ரப்பரில் பளபளப்பான கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரை ஒரு முறை ஓட்டிவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், ஆகவே இந்தச் சோதனைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"ரிம்மைச் சின்னதாக்கி டயரைத் தடிப்பாக்கினா நம்ம ரோட்டுக்கு நல்லதுதானே?"

யோசனை நல்லது, கேட்டவரைப் பாராட்டினேன். ஆனால் ரிம்முக்குள்ளே, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இருக்கிறது. 15-க்கு என்று வைத்த டிஸ்க் பிரேக்மேல் 14 அங்குல ரிம் பல வண்டிகளில் முட்டும். முன் சக்கரத்தில் மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றி, கேலிப்பருக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள். பேலன்சிங் ஈயம் ஒட்டும் இடத்தையும் கணக்கில் வையுங்கள்.

"ஸ்டெப்னி பழைய சைஸ்லயே கிடக்கட்டுமா?"

மொத்த உயரம் ஒன்றாக இருந்தால் கிடக்கட்டும், 80-க்கு மேல் போகாமல் பஞ்சர் கடை வரை. இரும்பு ஸ்டெப்னிக்கு அலாயின் நட்டு ஒத்துவராவிட்டால் பழைய நட்டு ஒரு செட்டை அதோடு கட்டிவையுங்கள். நட்டு விஷயம் மேலே சொன்னதுதான்.

"போலீஸ் பிடிக்குமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுத்த சைஸ்களுக்குள் இருந்தால் உங்களுக்குப் பேச இடம் இருக்கும். சக்கரம் பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். பில் வைத்திருங்கள். சொல்லாமல் மாட்டிவிட்டு விபத்துக்குப் பிறகு வாதாடுவது வீண் அலைச்சல். புது வண்டியென்றால் சஸ்பென்ஷன் வாரன்டியையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நைட்ரஜன் அடிச்சா நல்லதுங்காவ. காத்து எவ்வளவு வைக்க?"

நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் அடியுங்கள், காசு கொடுத்து வேண்டாம். அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். தூத்துக்குடி போய்த் திரும்பிய சூட்டில் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் பசியோடு நிற்கும்.

"எல்லாம் மாட்டியாச்சு. இனிமே என்ன?"

பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் ஒன்றல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் என்றால் பேலன்சிங், அல்லது மேலே சொன்ன நடு ஓட்டைச் சிக்கல். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஓரமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட். புது வீலுக்கு இரண்டையும் செய்துவிடுங்கள்.

நட்டைக் கடைசியில், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் கையேட்டில் இருக்கும். ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிப்பவர்களும் உண்டு. போல்ட் நீண்டு, ஒருநாள் சொல்லாமல் உடையும். புது அலாய் போட்டு 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை திரும்ப முறுக்கிப் பாருங்கள், பெயின்ட் படிந்து நட்டு கொஞ்சம் இளகியிருக்கும். எங்கள் கடையில் அதற்குக் காசு வாங்குவதில்லை, ஆனாலும் பத்தில் மூன்று பேர்தான் வருகிறார்கள்.

திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு போட்டால் அதன் சாவியை ஸ்டெப்னிக் குழிக்குள்ளேயே வையுங்கள். அதை வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, கயத்தாறு பக்கம் ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சராகி நின்றுகொண்டு எனக்குப் போன் போடுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.